வாத்து வேட்டைக்கு எடை குறைந்த செமி ஆட்டோ ஷாட்கன், அவசரம்

சதுப்புவாசி: வணக்கம். வாத்து வேட்டைக்கு லேசான செமி ஆட்டோ (சுட்டதும் அடுத்த ஷெல்லை, அதாவது தோட்டாவை, தானே ஏற்றும் ஷாட்கன்) ஒன்று சொல்லுங்கள். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். இப்போது சுடுவது நண்பரிடம் இரவல் வாங்கிய, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்றும் பம்ப் ஷாட்கன், தாங்க முடியவில்லை.

கொக்குமீசை: எந்த ஊர்? எந்த கேஜ் (குழல் அளவு; எண் குறைந்தால் குழல் பெரிது)? பட்ஜெட் எவ்வளவு? தாங்க முடியவில்லை என்றால் தூக்கிக்கொண்டு நடக்கவா, சுடவா?

ஈரக்கால்: பெனெல்லி எம்2, 20 கேஜ். ஆறு பவுண்டுதான் இருக்கும். இனர்ஷியா முறை, அதாவது உதையின் விசையிலேயே அடுத்த ஷெல் ஏறும்; வெடிவாயு இயக்கப் பகுதிக்குள் வராது, கரி அதிகம் சேராது. சேற்றில் இறங்குபவனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கிழவேடன்: கேட்டவர் ஊரே சொல்லவில்லை, அதற்குள் மாடலா! அமெரிக்கா முழுக்க 1991 முதல் நீர்ப்பறவைக்கு ஈயக்குண்டு தடை. பதிலுக்குப் போடும் எஃகுக் குண்டு ஈயத்தைவிட லேசு, சீக்கிரம் வேகம் இழக்கும், அதனால் பெரிய குண்டு போட வேண்டும். அதற்கு 12 கேஜ் 3 அங்குல ஷெல்லில்தான் இடம் தாராளம். எத்தனை முறைதான் எழுதுவது? படித்துவிட்டு வாருங்கள் தம்பி.

ஈரக்கால்: ஐயா, 35 கெஜத்துக்குள் விட்டுச் சுட்டால் 20 கேஜே போதும். நான் பத்து சீசனாக அதில்தான் சுடுகிறேன்.

சதுப்புவாசி: மன்னிக்கவும். ஹூஸ்டன். இரவல் துப்பாக்கி 12 கேஜ். 1,000 டாலருக்குள். போன வருடம் வலது தோளில் அறுவை சிகிச்சை. அதனால்தான் லேசாகக் கேட்டேன்.

கொக்குமீசை: இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்! ஒரே வகை ஷெல்லை இரண்டு துப்பாக்கியில் சுட்டால் எடை குறைந்த துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும். கைக்கு லேசு, தோளுக்கு இடி. நீங்கள் தேட வேண்டியது கேஸ் முறை. வெடிவாயுவின் ஒரு பங்கு பிஸ்டனைத் தள்ளப் போய்விடும். உதை ஒரே அடியாக இல்லாமல் கொஞ்சம் நீண்டு மெத்தென்று வரும். பெரெட்டா ஏ300 அல்டிமாவைத் தோளில் வைத்துப் பாருங்கள். 20 கேஜிலும் வருகிறது. எம்2 உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும்.

ஈரக்கால்: சரி, தோள் விஷயம் எனக்குத் தெரியாது. கேஸ் துப்பாக்கி என்றால் பிஸ்டனை அடிக்கடி துடையுங்கள். குளிரில் கெட்டியான எண்ணெய் போடாதீர்கள்.

நத்தைகொத்தி: பறவைகளைச் சுட்ட சிப்பாய்கள் மேல் புகார் சொல்லி 1798-லேயே கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியது வேடந்தாங்கல். அந்த ஊர்ப்பக்கம் பிறந்துவிட்டு இதைப் படிக்க மனசு வலிக்கிறது.

கிழவேடன்: இங்கே வேட்டைக்காரன் 25 டாலருக்கு வாங்கும் டக் ஸ்டாம்ப் (நீர்ப்பறவை வேட்டைக்கான அரசு முத்திரை) பணத்தில்தான் 1934 முதல் ஈரநிலம் வாங்கிக் காக்கிறார்கள். நீங்கள் எத்தனை ஏக்கர் வாங்கினீர்கள்?

நத்தைகொத்தி: பணம் கட்டினால் உயிர் எடுக்கலாமா? எங்கள் ஊரில் ஸ்டாம்ப் இல்லாமலே ஏரியைக் காத்தார்கள். கூடு கட்டும் காலத்தில் தீபாவளி வெடிகூட வெடிப்பதில்லை.

கொக்குமீசை: இரண்டு பேருமே ஏரி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறீர்கள். இதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். இங்கே அவர் தோளைப் பார்ப்போம்.

சதுப்புவாசி: ஏ300, 20 கேஜ் வாங்கிவிட்டேன். நேற்று 25 ஷெல் சுட்டேன், தோள் பரவாயில்லை. எல்லோருக்கும் நன்றி.

கொக்குமீசை: மகிழ்ச்சி. பயிற்சிக்குப் பறக்கவிடும் களிமண் தட்டுக்கான ஷெல்லா, 3 அங்குல எஃகா? எஃகையும் ஒரு பத்து சுட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள், உதை வேறு மாதிரி இருக்கும். பிளக் (அதிக ஷெல் ஏறாமல் தடுக்கும் அடைப்பு) உள்ளே இருக்கிறதா? மூன்று ஷெல்லுக்கு மேல் ஏறினால் அபராதம்.

கொக்குமீசை: சதுப்புவாசி, பிளக் பார்த்தீர்களா?