மசாய் மாராவில் சிங்கம் தவிர என்ன பார்க்கலாம்?

வெள்ளவத்தைக்காரி:
ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யா போகிறோம், மசாய் மாராவும் சம்புருவும். யானையும் சிறுத்தையும் யாலவிலேயே பார்த்தாயிற்று. ஆட்கள் கவனிக்காமல் விடுகிற பிராணிகள் என்னென்ன?

தெஹிவளை அண்ணா:
சம்புருவில் ஜெரனுக்கைத் தேடுங்கள் தங்கச்சி. மான்தான், ஆனால் கழுத்து நீளம், பின்னங்கால் இரண்டிலும் நேராக எழுந்து நின்று மேயும். நான் பார்த்தது முன்னங்காலைத் தொங்கவிட்டு, முள்ளுக்கு நடுவே ஒவ்வொரு இலையாக உதட்டால் உருவிக்கொண்டிருந்தது, கமெராவை எடுக்கவே மறந்துபோனேன். அங்கேயே கிரேவி வரிக்குதிரையும் உண்டு. கோடு மெல்லிசு, வயிறு வெள்ளை, காது பெரிய வட்டம். மாராவில் இருப்பது வேறு இனம்.

கொட்டாஞ்சேனை வாசி:
மாராவில் வௌவால்காது நரி. கறையான் தின்று பிழைக்கிற நரி, நம்புங்கள்! மண்ணுக்குள் புழு அசைகிற சத்தத்தையும் கேட்டுத் தோண்டும். ஆனால் டிரைவர்கள் சிங்கம் என்றால்தான் வண்டியைத் திருப்புவார்கள், அதனால் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

வெள்ளவத்தைக்காரி:
சரி, அழுங்கு? மகன் அதைத்தான் கேட்கிறான்.

தெஹிவளை அண்ணா:
அழுங்கும், நீள மூக்கோடு கறையான் தின்கிற ஆர்ட்வார்க் என்ற பிராணியும் பெரும்பாலும் இரவில்தான் வெளியே வரும். மாரா ரிசர்வுக்குள் இரவு சஃபாரிக்கு அனுமதி இல்லை, பக்கத்துக் கன்சர்வன்சிகளில், அதாவது ரிசர்வுக்கு வெளியே தனியாக நடத்துகிற வனவிலங்குக் காப்பிடங்களில், உண்டு. இரண்டு இரவாவது அங்கே தங்குங்கள். அழுங்கு கிடைப்பது லொத்தர் மாதிரி, மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.