உள்ளுக்குள் வெறுமை: தியானமா, மருத்துவரா?

கல்தச்சன்:
"உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னால் உடனே மனநல மருத்துவரைப் பார் என்கிறோம். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எல்லாம் சூன்யம் என்று பௌத்தத் தத்துவ ஞானி நாகார்ஜுனர் சொல்லிவிட்டார். பௌத்தம் எதை விடுதலை என்கிறதோ, அதையே உளவியல் நோய் என்கிறது. அவரைத் தியானத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வெள்ளிமீன்:
நண்பரே, நாகார்ஜுனர் பேசியது மனநிலையைப் பற்றியா? எதுவும் தன் பலத்தில் தனியாக நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று தோன்றுகிறது. அதைத்தான் சூன்யம் என்றார். மணிமேகலையின் கடைசிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பேதைமை, செய்கை, உணர்வு என்று பன்னிரண்டு சார்புகளை விளக்குவாரே, அதே வேர். நாற்காலிக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

மருத்துவர் சொல்லும் வெறுமை வேறு. உணர்ச்சியும் உறவும் நிலைகொள்ளாமல் அலைபாயும் மனநலச் சிக்கலான பார்டர்லைன் ஆளுமைக் கோளாறின் ஒன்பது அடையாளங்களில் 'தீராத வெறுமையுணர்வு' ஒன்று. கைவிட்டுவிடுவார்களோ என்ற பதற்றமும், தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் அதே பட்டியலில் உண்டு. 'நான்' என்று பற்றிக்கொள்ள ஏதுமில்லை என்று கண்டு துறவி இளைப்பாறுகிறார். இந்த நோயாளியோ பற்றிக்கொள்ள ஏதாவது அகப்படாதா என்று தவிக்கிறார்.

கல்தச்சன்:
அந்தக் கோளாறுக்கென்றே டி.பி.டி. என்ற பேச்சுவழி உளவியல் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹன் ஜென் பௌத்தம் பயின்றவர். இந்தக் கணத்தில் கவனம் வைக்கும் மைண்ட்ஃபுல்னஸ்தான் அதன் அடித்தளம். சம்பந்தமே இல்லாமலா அங்கே போய் எடுத்தார்?

வெள்ளிமீன்:
எடுத்தார், ஆனால் எதை? 'நீ என்று ஒருவர் இல்லை' என்ற போதனையை எடுக்கவில்லை. நடப்பதைக் கவனி, வார்த்தையில் சொல், ஈடுபடு என்று சின்னச் சின்னத் திறன்களாக்கினார். நெருக்கடி முற்றினால் முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தச் சொல்வதும் அதில் உண்டு. சூன்யத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது பாம்பைத் தப்பாகப் பிடிப்பது போல என்று உங்கள் நாகார்ஜுனரே எச்சரித்திருக்கிறார்.

ராக்கோழி:
நோயாளி, துறவின்னே பேசுறீங்க. நடுவுல இருக்கிற நாமெல்லாம்? 2014-ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. போன், புத்தகம் எதுவும் இல்லாம 15 நிமிஷம் தனியா உட்காரணும். கைக்கெட்டுற தூரத்துல ஷாக் பட்டன். 18 ஆண்கள்ல 12 பேர், 24 பெண்கள்ல 6 பேர் தனக்குத்தானே ஷாக் கொடுத்துக்கிட்டாங்க. அதை ஏற்கெனவே வாங்கிப் பார்த்து, 'இது வேண்டாம்னா காசுகூடத் தரேன்'னு சொன்னவங்க இவங்க! சும்மா இருக்கிறதையே குத்தமாக்கி வச்சிருக்கோம். வியாதி நம்ம பண்பாட்டுக்குத்தான்.

வெள்ளிமீன்:
ராக்கோழி, அது அலுப்பு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் டி.எஸ்.எம். கையேட்டின் 1980 பதிப்பில், இந்தக் கோளாறின் பட்டியலில் வெறுமையும் அலுப்பும் ஒரே வரியில் இருந்தன. 1994 பதிப்பில் அலுப்பை நீக்கிவிட்டார்கள்.

ராக்கோழி:
கையேட்டுல நீக்கிட்டா மனசுல நீங்கிடுமா சார்? அலுப்புக்குத் திறக்கிற போனை மூடினதும் மிஞ்சுறதுக்கு என்ன பேரு?

கல்தச்சன்:
அதேதான் நானும் கேட்கிறேன். அப்போ தியானமே கூடாதா?

வெள்ளிமீன்:
ராக்கோழி தாராளமாக உட்காரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தூக்கம் கெட்டு, கையைக் கீறிக்கொள்பவரைப் பத்து நாள் மௌன முகாமுக்கு அனுப்பாதீர்கள் என்கிறேன். பல முகாம்களின் விண்ணப்பத்திலேயே மனநலச் சிகிச்சை பற்றிய கேள்வி இருக்கிறது. ஏன் கேட்கிறார்கள் என்று அவர்களிடமே விசாரியுங்கள்.