மறு: ‘ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ தமிழில்? – கணினி அருங்காட்சியக மெய்நிகர் உலாவுக்கான சொற்கள்

[சென்னை]

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், கோவை மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் எதிரியின் சங்கேதங்களை உடைத்த இடமான இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில், ‘பிளாக் ஹெச்’ கட்டடத்தில் இயங்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்தின் முப்பரிமாண உலாவுக்குத் தமிழ்க் கையேடு தயாராகிறது. ‘விர்ச்சுவல் டூர்’ என்பதற்கு ‘மெய்நிகர் உலா’ ஊறிவிட்டது, அதில் சண்டை வேண்டாம். ‘சுற்றுலா’ என்றால் பெட்டி கட்டத் தோன்றும். தரையில் தெரியும் வட்டங்களைச் சொடுக்கித்தான் நகர முடியும் என்பதால் அவற்றுக்கு ‘நிற்புள்ளி’. கூரையைக் கழற்றினாற்போல் கட்டடம் முழுவதையும் மேலிருந்து காட்டும் ‘டால்ஹவுஸ்’ பார்வைக்கு ‘கூரைநீக்கக் காட்சி’.

சிக்கல், உலாவில் வரும் பழைய கணிப்பொறிகளின் பெயர்ச்சீட்டில் இருக்கிறது. ஹார்வெல் டெக்கட்ரான், அதாவது ‘விட்ச்’, 1951இல் ஓடத் தொடங்கிய அதே பொறி. பழுது நீக்கி 2012 நவம்பரில் மறுபடி இயக்கினார்கள். போர்க்காலத்தில் சங்கேதங்களை உடைக்க உதவிய கொலோசஸ், பொறியாளர் டோனி சேல் குழுவினர் 1993இல் தொடங்கிப் புதிதாகக் கட்டியது. எட்சாக்கும் புதிதாகக் கட்டியதே. மூலம் 1949இல் கேம்பிரிட்ஜில் ஓடியது. இப்போதைய வரைவில் மூன்றுக்கும் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்றே இருக்கிறது. நேரில் போனால் வழிகாட்டி விளக்குவார். திரையில் பார்ப்பவருக்குச் சீட்டைத் தவிர வேறு துணையில்லை.

என் முன்மொழிவு: விட்ச்சுக்குச் ‘சீரமைப்பு’, மற்ற இரண்டுக்கும் ‘மீள்கட்டுமானம்’.

[யாழ்ப்பாணம்]

> மற்ற இரண்டுக்கும் ‘மீள்கட்டுமானம்’

இலங்கையில் இந்தச் சொல்லைக் கேட்டால் போருக்கும் சுனாமிக்கும் பிறகு கட்டின வீடும் வீதியும்தான் நினைவுக்கு வரும். ‘பிளாக் ஹெச்: கொலோசஸ் மீள்கட்டுமானம்’ என்று போட்டால், கட்டடத்தையே இடித்துக் கட்டினதாகச் சனம் விளங்கிக்கொள்ளும். உண்மையில் அந்தக் கட்டடம் 1944இல் கொலோசஸ் பொறிகளுக்கென்றே எழுப்பினது. அதை மறைக்கிற மாதிரிச் சீட்டு இருக்கக் கூடாது.

‘மீள்கட்டு’ என்று நிறுத்தலாம். நீளமும் குறையும். எழுத்து வரம்பு உள்ள சீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் ஒருங்குறிப் (யூனிகோட்) புள்ளிகளைத்தான் எண்ணும், எங்கள் எழுத்துகளை அல்ல. ‘மீள்கட்டுமானம்’ எட்டு எழுத்து, ஆனால் 14 புள்ளி. ‘மீள்கட்டு’ ஐந்து எழுத்து, 9 புள்ளி. கைப்பேசித் திரையில் இந்த வித்தியாசம் வடிவாகத் தெரியும்.

இன்னொன்று: தேடுசொற்களில் ‘அருங்காட்சியகம்’ என்பதோடு ‘நூதனசாலை’யையும் சேருங்கோ.

[சிங்கப்பூர்]

‘அரும்பொருளகம்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இங்கே அதுதான் வழக்கு.

ஆனால் இத்தனை நுணுக்கம் தேவையா? மூலம் அழிந்துபோய், அதைப் போலவே செய்து வைத்திருக்கிறார்கள். ‘நகல்’ என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியுமே.

[கோவை]

நகல் எடுக்க மூலம் கண்முன் இருக்க வேண்டும் ஐயா. கொலோசஸில் அதுதான் இல்லை. போர் முடிந்ததும் பெரும்பாலான பொறிகளைப் பிரித்துவிட்டார்கள். 1960 வாக்கில் வரைபடங்களையும் எரித்தார்கள். சேல் கையில் இருந்தவை 1945இல் எடுத்த எட்டு ஒளிப்படங்களும், விதியை மீறிப் பொறியாளர்கள் சிலர் வைத்திருந்த சுற்றுப்படத் துண்டுகளும்தான். மீதியைப் பழைய பொறியாளர்களின் நினைவிலிருந்தும் மின்னணுவியல் அறிவிலிருந்தும் ஊகித்துக் கட்டினார்கள். சுமார் 2,500 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) கொண்ட பொறி அது. அதை நகல் என்றால் அந்த ஊகிப்பு முழுவதும் காணாமல் போகும்.

அதே கூரையின் கீழ் இருக்கும், எனிக்மா சங்கேதங்களை உடைக்க உதவிய ‘பாம்ப்’ பொறியின் கதை வேறு. அதன் மூல வரைபடங்கள் தப்பிப் பிழைத்தன. அவற்றைப் பார்த்தே கட்டினார்கள். எட்சாக் இன்னொரு மாதிரி. மூலத்தில் நினைவகம் பாதரசக் குழாய்களில் ஓடிய ஒலியலை. பாதரசம் நச்சு, விலையும் அதிகம். இப்போது கட்டியதில் நிக்கல் கம்பியில் அலையை ஓட்டுகிறார்கள். வேலை அதே, பொருள் வேறு. ஆகவே ‘ஒப்புரு’ என்று யாராவது எழுதினாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

‘மீள்கட்டு’க்கு என் வாக்கு. ஆனால் சொல் மட்டும் போதாது. எதை வைத்துக் கட்டினார்கள் என்று ஒரு வரி உடன் வர வேண்டும்: ‘மீள்கட்டு – ஒளிப்படங்களிலிருந்து’, ‘மீள்கட்டு – மூல வரைபடங்களிலிருந்து’, ‘மீள்கட்டு – நினைவகம் நிக்கல் கம்பி’.

‘சீரமைப்பு’ எனக்குப் பிடிக்கவில்லை, நிர்வாகச் சீர்திருத்த வாடை அடிக்கிறது. ‘புதுப்பி’ உலாவிப் பொத்தானோடு போய்விட்டது. ‘திருப்பணி’ என்று எழுத ஆசைதான், விட்ச் கோபுரம் இல்லையே! ‘செப்பனிட்ட மூலம்’ என்று பரிந்துரைக்கிறேன். ‘மூலம்’ என்ற சொல்லில்தான் முழுப் பாரமும். எண்ணிக்கைக் குழாய்கள் 828 சுடர்வதைப் பார்ப்பவர், பொறி 1951இன் பொறியே என்று அறிய வேண்டும்.

[சென்னை]

ஏற்றுக்கொள்கிறேன். அடுத்தது, கொலோசஸையும் எட்சாக்கையும் போலவே செய்துகாட்டி இணையத்தில் ஓடும் நிரல்களுக்கும் (‘சிமுலேட்டர்’) இணைப்புக் கொடுக்கிறோம். வரைவில் ‘மெய்நிகர் கொலோசஸ்’ என்றிருக்கிறது. உலாவும் மெய்நிகர், நிரலும் மெய்நிகர் என்றால் எது ஒளிப்படம், எது கணக்குப் போடுவது என்று தெரியாது. ‘பாவனையாக்கி’ சரியாகுமா?

[யாழ்ப்பாணம்]

வேண்டாம். எங்களுக்குப் ‘பாவனை’ என்றால் பயன்பாடு, ‘பாவனையாளர்’ என்றால் பயனாளர். ‘பாவனையாக்கி’யைப் பயன்படுத்த வைக்கிற கருவி என்றுதான் எடுப்பினம். ‘போன்மி’ நல்லது. ‘கொலோசஸ் போன்மி’ என்றால் போலச் செய்வது என்பது சொல்லிலேயே இருக்குது.

[கோவை]

போன்மிக்குச் சரி. விட்டுப்போன இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வகை உலாக்களை எடுக்கும் கருவிகள் பல அகச்சிவப்பு ஒளியால் ஆழத்தை அளக்கின்றன. கண்ணாடியை ஒளி கடந்துவிடும், பளபளப்பான பரப்பு அதை வேறு பக்கம் திருப்பிவிடும், கறுப்புப் பரப்பு விழுங்கிவிடும். அதனால் கூரைநீக்கக் காட்சியில் பொறிகளில் ஓட்டை விழுந்தாற்போல் தெரியும். பார்ப்பவர் பொறி பழுது என்று நினைப்பார். ஸ்கேனுக்கு ‘வருடல்’ இருப்பதால் இதை ‘வருடல் துளை’ எனலாம். சீட்டு ஒட்டுபவரும் கவனிக்க வேண்டும்: கண்ணாடிப் பெட்டியின் முகப்பைச் சொடுக்கினால் சீட்டு பின்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே இருப்பதாகத்தான் கருவிக்கு ஆழம் பதிவாகியிருக்கும். பெட்டியின் மரச்சட்டத்தையோ உலோக விளிம்பையோ சொடுக்குங்கள்.

இரண்டாவது, நொடிக்கு 5,000 எழுத்துகள் படிக்கும் கொலோசஸின் துளையிட்ட காகித நாடா உலாவில் அசையாது. ஒளிப்படத்தில் உறைந்ததற்கு ‘உறைகாட்சி’ என்று குறித்து, ஓடும் காணொளியை அதே சீட்டில் இணையுங்கள். ‘நிறுத்தப்பட்டுள்ளது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பொறியையே நிறுத்திவிட்டதாக ஆகும்.