கிராஸ்னோவை ஒப்படைத்தது துரோகமா?

வெள்ளாறு:
1945 மே 28. ஆஸ்திரியாவின் லியன்ஸில் சரணடைந்திருந்த கோசாக் (தென் ரஷ்யக் குதிரைவீரர் சமூகம்) அதிகாரிகளை, மாநாடு என்று சொல்லி பிரிட்டிஷார் லாரிகளில் ஏற்றினார்கள். மறுநாள் யூடன்பர்க்கில் சோவியத் படையிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒருவர் பழைய ரஷ்யத் தளபதி பியோத்தர் கிராஸ்னோவ், வயது 75. அவர் 1920இலேயே ஜெர்மனியில் தஞ்சம் புகுந்தவர், ஒருநாள்கூட சோவியத் குடிமகனாக இருந்ததில்லை. சோவியத் குடிமக்களைத் திருப்பி அனுப்ப நேச நாடுகள் செய்த யால்டா உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தவே இல்லை. 1947 ஜனவரியில் மாஸ்கோவில் தூக்கிலிட்டார்கள். இதற்குத் துரோகம் என்றுதானே பெயர்?

பழுப்பு ஏடு:
துரோகம் என்ற சொல்லை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. 1917இல், ஆட்சியை இழந்த பிரதமர் கெரன்ஸ்கிக்காக அன்றைய தலைநகர் பெத்ரோகிராத் மீது படை நடத்தி போல்ஷெவிக்குகளிடம் (லெனினின் கம்யூனிஸ்டுகள்) பிடிபட்டவர், இனி ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வெளியே வந்தார். மறு ஆண்டு மே மாதம் தோன் ஆற்றுப் பகுதிக் கோசாக்குகளின் அத்தமான் (தலைவர்) ஆகிவிட்டார்! உடனே ஜெர்மன் கைசருக்குக் கடிதம், தானியத்துக்குப் பதில் ஆயுதம். அடுத்த போரில் ஹிட்லர் பக்கம்.

வெள்ளாறு:
1919 ஜனவரியில் கோசாக்குகளைக் கூண்டோடு ஒழிக்க உத்தரவு போட்டவர்களுக்கா வாக்கைக் காப்பாற்ற வேண்டும்? எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி, ஐயா?

பழுப்பு ஏடு:
அந்த உத்தரவு வருவதற்கு முன்பே வாக்கு காற்றில் போய்விட்டது, தேதியைப் பாருங்கள். கொள்ளியைத் தொடாமலும் இருக்கலாம். வெள்ளைப்படைத் தளபதி தெனிக்கினும் போல்ஷெவிக்குகளிடம் தோற்று நாடிழந்தவர்தான். பிரான்ஸில் வறுமையில் கிடந்தபோதும் நாஜிகளோடு சேர மறுத்தார்.

தூக்கணாங்குருவி:
இருவரும் தளபதிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜூன் 1 அன்று லியன்ஸ் அருகே பெக்கெட்ஸ் முகாமில் பாதிரியார்களைச் சுற்றிப் பிரார்த்தனையில் நின்ற பெண்களையும் குழந்தைகளையும் துப்பாக்கிக் கட்டையால் அடித்து வண்டியேற்றினார்கள். திராவ் ஆற்றில் குதித்தவர்களும் உண்டு. அவர்கள் யாருக்கு வாக்குக் கொடுத்தார்கள்?

வெள்ளாறு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

பழுப்பு ஏடு:
இல்லை, நீங்கள் கிராஸ்னோவுக்காக வந்தீர்கள். அந்தக் குடும்பங்களுக்கு நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. கிராஸ்னோவை ஒப்படைத்ததும் சட்டப்படி தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் லியன்ஸுக்கு வருமுன் அந்தக் கோசாக்குகளை வட இத்தாலியின் கார்னியா மலைக் கிராமங்களில் ஜெர்மானியர்கள் குடியேற்றியிருந்தார்கள். 1944இல் ஜெர்மானியர்கள் அமைத்த கோசாக் தலைமையகத்துக்குத் தலைவர் இதே கிராஸ்னோவ். அந்த வீடுகளில் அதற்கு முன் வாழ்ந்த இத்தாலியர்கள் எங்கே போனார்கள் என்று இந்த இழையில் இதுவரை யாரும் கேட்கவில்லை.