அந்தமான் மழைக்காலம்: அங்க இருந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க

வணக்கம். என் வீட்டுக்காரருக்கு போர்ட் பிளேருக்கு மாற்றல் ஆகியிருக்கு. (2024-லயே ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, எனக்குத்தான் இன்னும் வாயில வரல.) மே கடைசியில குடும்பத்தோட கிளம்பணும். சரியா மழை இறங்குற நேரம்!

கேரளாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுடும். செப்டம்பர் வரைக்கும் அது, அப்புறம் நம்மளை மாதிரியே வடகிழக்குப் பருவமழை. வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ., சென்னையைப் போல ரெண்டு மடங்கு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான் கொஞ்சம் காய்ஞ்ச காலமாம்.

வெயிலுக்குப் பயமில்லை, 30 டிகிரியை ஒட்டியேதான் இருக்கும். பயமே ஈரம்தான். டிசம்பர்ல வீடு பார்க்கப் போனப்ப ஒரு அலமாரியைத் திறந்தேன். பழைய தோல் பெல்ட் ஒண்ணு, மேல முழுக்கப் பச்சையா பூசணம். தொட்டா மாவு மாதிரி கையில ஒட்டுது. சாயங்காலம் அஞ்சரைக்கே இருட்டிடுச்சு, அது வேற.

மாமியாருக்கு வீசிங் உண்டு. பூசணம் பிடிக்காம வீட்டை எப்படி வச்சுக்கிறீங்க? டீஹ்யூமிடிஃபையர் (காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற மெஷின்) வாங்குறது பிரயோஜனமா, தண்டச் செலவா? குழந்தை துணியெல்லாம் எங்க காயப்போடுவீங்க?

சாமானைச் சென்னையிலிருந்து கப்பல்ல அனுப்பலாம்னு இருக்கோம். ஜூன்ல கடல் கொந்தளிப்பா இருக்கும்ங்கிறாங்க. ஏப்ரல்லயே அனுப்பிடலாமா? மெத்தையைக் கொண்டுபோறதா, அங்கேயே வாங்கிக்கிறதா?