மறு: புரொபேட் இன்வென்டரிக்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இறந்தவர் விட்டுச்சென்ற பொருள்களை எழுதி, விலை போட்டு, நீதிமன்றத்தில் கொடுத்த பழைய ஆங்கிலப் பட்டியல்தான் புரொபேட் இன்வென்டரி. அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று ஓர் அம்மா இங்கே கேட்டிருந்தார். நான்கு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன், உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம் வாய்த்தது. நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் பக்கம் ஒரு கிராமத்தில். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அவருடைய முன்னோர்களைத் தேடித் தரப் போய், மூன்று வருடமாக என் சனிக்கிழமைகள் பழைய உயில்களோடுதான் போகின்றன. அதனால் இந்தச் சொல் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> "சொத்துப் பட்டியல்" என்று வைத்துவிட்டால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். "அவங்களுக்குச் சொத்து இருக்கா?" என்று ஊரில் கேட்டால் யாரும் பானை சட்டியை நினைத்துப் பதில் சொல்வதில்லை, நிலத்தையும் வீட்டையும்தான் சொல்வார்கள். இந்தப் பட்டியலிலோ சொந்த நிலமும் வீடும் வரவே வராது. குத்தகைக் காலம் மீதம் இருந்தால் அதன் மதிப்பு வரும், அவ்வளவுதான். மற்றபடி மாடு, ஆடு, களஞ்சியத்தில் கிடக்கும் தானியம், விதைத்து நிற்கும் பயிர், பாத்திரம், துணிமணி, பிறரிடமிருந்து வரவேண்டிய கடன், இவைதான். சொத்துப் பட்டியல் என்று எழுதினால் படிப்பவர் உடனே "நிலம் எங்கே காணோம், இவர் பரம ஏழை போலிருக்கிறது" என்று முடிவுகட்டிவிடுவார். நல்ல நிலம் வைத்திருந்தவருடைய பட்டியலிலும் நிலத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

"உயில் பட்டியல்" என்று இன்னொருவர் சொன்னதும் சரிப்படாது. உயில் எழுதாமல் இறந்தவருக்கும் இது உண்டு. மனைவியோ நெருங்கிய உறவினரோ இறந்தவரின் பொருள்களுக்கு நீதிமன்றத்தில் நிருவாக உரிமை வாங்கும்போது இந்தப் பட்டியலையும் கொடுக்க வேண்டும். 1529-இல் வந்த சட்டம் அப்படி. உயிலே இல்லாத குடும்பத்துக்குப் பல சமயம் இது ஒன்றுதான் மிஞ்சி நிற்கிறது. ஆக, சொத்து, உயில் இரண்டு சொல்லும் இதற்குள் வரக்கூடாது என்பது என் முதல் வாதம்.

இது எப்படித் தயாரானது என்பதைப் பார்த்தால் சொல் தானாகவே கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஒருவர் இறந்த சில நாளில் அக்கம்பக்கத்தார் இரண்டு பேரோ, மூன்று நான்கு பேரோ வீட்டுக்கு வருவார்கள். பெரும்பாலும் அவரைப் போலவே விவசாயம் செய்பவர்கள், மாட்டு விலையும் பார்லி விலையும் தெரிந்தவர்கள். அறை அறையாக நடந்து, கண்ணில் பட்டதை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே விலை போடுவார்கள். முதல் வரி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். நான் அதைத் தமிழில் "உடுத்திய துணியும் மடியில் இருந்த காசும்" என்று எழுதிக்கொள்கிறேன். மூலத்தில் இருப்பது பர்ஸ்தான், ஆனாலும் மடி என்று போடும்போது அந்த மனிதர் கண்முன் வந்து நிற்கிறார்.

அப்புறம் ஹால். இதை ஹால் என்றே எழுதிவிட்டால் டிவியும் சோபாவும் போட்ட அறைதான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்து ஹால் அடுப்பு எரிகிற, எல்லோரும் புழங்குகிற நடுவீடு. நம்மிடம் கூடம் என்ற சொல் இருக்கிறது, அச்சாகப் பொருந்துகிறது. பார்லர் என்பது பல வீடுகளில் கீழ்த்தளத்துப் படுக்கை அறை, நல்ல கட்டில் அங்கேதான் கிடக்கும், ஆகவே அதை வரவேற்பறை என்று மொழிபெயர்க்காதீர்கள். பட்டரி என்று ஓர் அறை வரும். பெயரைப் பார்த்து வெண்ணெய் அறை என்று நானும் முதலில் எழுதினேன். உண்மையில் அது பீப்பாய்களும் குடிக்கிற பானங்களும் வைக்கிற அறை, நம் பழைய வீட்டு உக்கிராணம் மாதிரி. பெட் என்று வந்தால் பெரும்பாலும் மெத்தை. கட்டிலுக்கு பெட்ஸ்டெட் என்று தனிச்சொல் உண்டு. இறகு மெத்தை வைத்திருந்தவர் ஓரளவு வசதியானவர், கம்பளித் துணுக்கு அடைத்த மெத்தை அடுத்த படி, வைக்கோல் திணித்தது ஏழை வீட்டுக்கு. மெத்தையையும் கட்டிலையும் குழப்பினால் அந்த வீட்டின் நிலைமையே மாறிப்போகும்.

கடைசிப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வரவேண்டிய கடன்களை இரண்டாகப் பிரித்து எழுதுவார்கள், திரும்பி வரும் என்று நம்புகிறவை ஒரு பக்கம், நம்பிக்கை இல்லாதவை ஒரு பக்கம். அந்த இரண்டாவதற்குப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை, நம் வங்கிக்காரர்கள் தினமும் சொல்கிற வாராக்கடன்தான் அது. லம்பர் என்று ஒரு சொல் அடிக்கடி வரும், மரக்கட்டை என்று எண்ணிவிட வேண்டாம், அது ஓட்டை உடைசல். எல்லாம் முடிந்து கூட்டுத்தொகை போடும் முன் "விட்டதும் மறந்ததும்" என்று ஒரு வரி போட்டு அதற்கும் ஒரு சிறு விலை வைப்பார்கள். முந்நூறு நானூறு வருடத்துக்கு முந்தைய மனிதர்கள், எதையும் மறைக்கவில்லை என்று காட்ட இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது மனது நெகிழ்ந்துவிடுகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நான் முன்வைப்பது நீத்தார் உடைமைப் பட்டியல்.

உடைமை என்பதை நாம் இன்று எங்கே கேட்கிறோம்? ரயில் நிலையத்தில், "உங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அதைக் கேட்டு யாரும் தன் வயலை நினைப்பதில்லை, பெட்டியைத்தான் இழுத்து அணைத்துக்கொள்கிறோம். நகர்த்தக்கூடிய பொருள் என்ற கருத்து வழக்கிலேயே படிந்திருக்கிறது, மாடும் தானியமும் அதற்குள் இயல்பாக அடங்கும். தட்டுமுட்டு என்ற யோசனையும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பசுவைத் தட்டுமுட்டு என்று எப்படிச் சொல்வது? நீத்தார் என்பது நீத்தார் கடன், நீத்தார் நினைவு என்று எல்லோரும் புழங்குவதுதான். எச்சப் பட்டியல் என்று எழுதிய ஐயாவுக்கு: எச்சம் அழகான பழஞ்சொல், விட்டுச்சென்றது என்ற பொருளும் அதில் உண்டு, ஆனால் இன்றைக்கு அதைக் கேட்பவர் காக்கையைத்தான் நினைப்பார், அதனால் எனக்குத் தயக்கம்.

> பட்டியலுக்குப் பதில் "கணக்கு" என்றால் விலை போட்டதும் தெரியுமே?

நானும் முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் கணக்கு என்ற சொல்லை வேறு ஓர் ஆவணத்துக்கு விட்டுவைக்க வேண்டும். சாவுச் செலவு, அடைத்த கடன், பிள்ளைகளை வளர்த்த செலவு எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று உயிலை நிறைவேற்றும் நிறைவேற்றுநரோ, உயில் இல்லாதபோது உரிமை வாங்கிய நிருவாகியோ பின்னால் நீதிமன்றத்துக்குக் காட்டிய வரவுசெலவு அது. அந்தக் கணக்கும் இந்தப் பட்டியலும் ஒரே ஆவணக் கட்டுக்குள் கிடக்கும்போது ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் சிக்கல்தான். ஒன்று பட்டியல், மற்றது கணக்கு, அப்படியே இருக்கட்டும்.

அடுத்து புரொபேட், அதாவது ஓர் உயிலை உண்மையானது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொள்வது. உயில் என்பதே ஆங்கில வில்லிலிருந்து வந்து தமிழாகிப்போன சொல், இப்போது யாருக்கும் அது அந்நியமாகத் தெரிவதில்லை. இலங்கைத் தமிழில் மரணசாதனம் என்ற அருமையான சொல் உண்டு, அதையும் நம் கலைச்சொல் பட்டியலில் இணைச்சொல்லாகச் சேர்க்க வேண்டும். புரொபேட்டுக்கு உயில் மெய்ப்பு போதும் என்பது என் எண்ணம். அச்சு வேலையில் மெய்ப்புத் திருத்துவதோடு குழம்பும் என்று ஒரு மறுப்பு வந்தது, முன்னால் உயில் இருக்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள். நிறைவேற்றுநர் நேரில் வந்து சத்தியம் செய்து, இதுதான் அவருடைய கடைசி உயில் என்று மெய்ப்பித்ததும் நீதிமன்றம் ஏற்றுப் பதிந்துகொண்டது. நடந்த காரியத்தின் பெயரே அது.

நீதிமன்றங்களின் பெயரில்தான் எனக்கு வழி தெரியாமல் இருக்கிறது. 1858 ஜனவரி 12-க்கு முன்னால் இந்த வேலையெல்லாம் பெரும்பாலும் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. சஃபோக்கில் மட்டும் பார்த்தாலே, மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக்கு ஒரு ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்குக் கீழே இருந்த திருச்சபை அதிகாரி) நீதிமன்றம், மேற்குக்கு சட்பரி ஆர்ச்டீக்கன் நீதிமன்றம், இரண்டுக்கும் மேலே நாரிச் பிஷப்பின் நீதிமன்றம், ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் (ஒரு பிஷப்பின் பொறுப்பில் இருக்கும் பகுதி) பொருள் வைத்திருந்தவருக்கு கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றம். ஒரே குடும்பத்தில் அப்பன் உயில் சட்பரி ஆர்ச்டீக்கன் நீதிமன்ற ஆவணங்களில் கிடைக்கும், மகன் உயில் நாரிச்சில், பணம் சேர்த்த பேரன் உயில் லண்டனில் கியூ என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில். 1653 முதல் 1660 வரை திருச்சபை நீதிமன்றங்கள் இயங்கவே இல்லை, நாடு முழுவதற்கும் லண்டனில் இருந்த நீதிமன்றம்தான். இதில் பிஷப்புக்கு என்ன எழுதுவது? நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு பிஷப் என்றால் ஆயர், ஆர்ச்பிஷப் என்றால் பேராயர். தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களுக்கோ பிஷப்பே பேராயர். பேராயர் நீதிமன்றம் என்று எழுதினால் பாதிப் பேர் நாரிச்சிலும் பாதிப் பேர் கேன்டர்பரியிலும் போய்த் தேடுவார்கள். இந்த இரண்டையும் மட்டும் பிஷப், ஆர்ச்பிஷப் என்று அப்படியே விட்டுவிடலாம் என்பது என் வேண்டுகோள்.

தொழிற்பெயர்களில் யோமன், அதாவது ஓரளவு வசதியான விவசாயி, என்பதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பண்ணையார், நிலக்கிழார் எதைப் போட்டாலும் அந்த ஆளைவிடப் பெரிய ஆளாகிவிடுகிறது. ஆனால் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த சிறு விவசாயியான ஹஸ்பண்ட்மேனுக்கு சம்சாரி என்று வைப்போமா? கரிசல் காட்டுப் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி, குடும்பஸ்தன் என்ற பொருளும் கூடவே ஓடுகிறது. ஹஸ்பண்ட் என்ற ஆங்கிலச் சொல்லும் முதலில் வீட்டை உடையவனைக் குறித்து, அங்கிருந்துதான் நிலத்தைப் பண்படுத்துகிறவன் பக்கமும் கணவன் பக்கமும் போனது. இரண்டு மொழியும் ஒரே தடத்தில் நடந்திருக்கின்றன. இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இனி உறவுமுறை. இழையை ஆரம்பித்த அம்மா இதைக் கேட்கவில்லை, ஆனால் குடும்ப வரலாறு தேடுபவர் இங்கேதான் வழி தவறுகிறார், அதனால் சொல்லிவிடுகிறேன். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு உயிலில் கசின் என்றால் அண்ணன் மகனாக இருக்கலாம், அக்காள் மகளாக இருக்கலாம், எட்டத்து உறவாகவும் இருக்கலாம். நீஸ் என்பதும் அப்படித்தான். ஷேக்ஸ்பியர் 1616-இல் எழுதிய உயிலில் எலிசபெத் ஹாலை நீஸ் என்கிறார், அந்தப் பெண் அவருடைய மகள் சூசன்னாவின் பிள்ளை, அதாவது பேத்தி. அகராதியைப் பார்த்து யாராவது உடன்பிறந்தார் மகள் என்று மொழிபெயர்த்தால் வம்சமே வேறு கிளைக்குப் போய்விடும்.

சன்-இன்-லா இன்னும் மோசம். எங்கள் பெரியவரின் குடும்பத்து உயில் ஒன்றில், தன் சன்-இன்-லாவுக்கு ஒரு பித்தளை அண்டாவும் ஒரு கிடேரியும் விட்டிருந்தார் ஒருவர். மருமகன் என்று எழுதிக்கொண்டு, அப்படியானால் மகள் கல்யாணம் எங்கே நடந்தது என்று நான்கைந்து ஊர் தேவாலயப் பதிவேடுகளை இரண்டு மாதம் புரட்டினேன். அப்படி ஒரு மகளே இல்லை. மனைவிக்கு அது இரண்டாம் கல்யாணம், அந்தப் பையன் அவளுடைய முதல் கணவனுக்குப் பிறந்தவன், முதல் கணவனின் உயிலில் அவன் பெயர் தெளிவாகவே இருந்தது. இதைக் கேட்டதும் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "அப்போ அந்த ஆள் பெறாத பிள்ளைக்கு மாடு கொடுத்திருக்கிறார்" என்றார்.

அதே மாதிரி, மூத்த மகனுக்கு ஒரே ஒரு ஷில்லிங் எழுதியிருந்தால் அப்பனுக்குக் கோபம் என்று உடனே எண்ண வேண்டாம். அவன் பங்கை முன்பே வாங்கியிருக்கலாம், அல்லது மேனர் (ஒரு பிரபுவின் உரிமைக்கு உட்பட்ட நிலப்பகுதி) வழக்கப்படி நிலம் உயிலைத் தொடாமலே அவனுக்குப் போயிருக்கலாம். சஃபோக்கில் சில மேனர்களில் கடைசி மகனுக்கே நிலம் போகிற வழக்கமும் இருந்தது.

அதனால் கலைச்சொல் பட்டியலில் உறவுச்சொற்களுக்கு மட்டும் ஒரு தனி விதி வேண்டும்: மூலத்தில் உள்ள சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே முதலில் எழுதிவிட்டு, என்ன உறவு என்பது வேறு ஆவணத்தால் உறுதியான பிறகே தமிழ் முறைச்சொல்லைப் போடுவது. இதைப் புரிந்துகொள்வது நமக்குக் கஷ்டமே இல்லை. மருமகன் என்ற ஒரே சொல்லில் மகளைக் கட்டியவனையும் அக்காள் மகனையும் வைத்துக்கொண்டு, யாரைச் சொல்கிறோம் என்பதில் ஒருநாளும் குழம்பாத ஆட்கள் நாம்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. கணவனின் முதல் தாரத்துப் பிள்ளையை மூத்தாள் மகன் என்கிறோம். மனைவியின் முதல் கணவனுக்குப் பிறந்து இவனிடம் வளர்ந்த பையனை இவன் என்னவென்று சொல்வான்? சஃபோக் உயில்களில் இந்தப் பிள்ளைகள் அடிக்கடி வருகிறார்கள், என் குறிப்பில் "சன்-இன்-லா (மனைவி வழி)" என்று போட்டு வைத்திருக்கிறேன், அது எனக்கே திருப்தியாக இல்லை. உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் புழங்கும் சொல் இருந்தால், எந்தப் பக்கத்து வழக்கு என்பதோடு எழுதுங்கள்.