பேய் பல் விளக்கியதா, இல்லையா? (பிசாரோ கதைகள் பற்றிய இழை)

பாலாற்று மணல், ராணிப்பேட்டை | ஞாயிறு இரவு 9.40

இன்று வேலூரில் நடந்த வாசகர் சந்திப்பில் ஒரு பெரியவர் சொன்னது இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதற்காகத்தான் இந்த இழை.

பிசாரோ கதைகள், அதாவது அமெரிக்காவில் எழுதப்படும் விசித்திரக் கதைகள் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். உட்காருவதற்குள் அவர் எழுந்துவிட்டார். "இதில் ஒன்றும் புதிதில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய் ஆனைக் கொம்பால் பல் விளக்குகிறது. அமெரிக்காக்காரன் இப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருக்கிறான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ரெண்டு மாதம் படித்துத் தயார் செய்தது அந்தக் கைதட்டலோடு போச்சு.

அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். பிசாரோ என்று பெயர் விழுந்தது 2005-ல். இரேசர்ஹெட் பிரஸ், ரா டாக் ஸ்க்ரீமிங் பிரஸ், ஆஃப்டர்பர்த் புக்ஸ் என்று மூன்று சின்னப் பதிப்பகங்கள் சேர்ந்து வைத்தது. பெரிய பதிப்பகம் எதுவும் தொடாத கதைகள் அவர்களிடம் இருந்தன. வீடியோ கடையில் கிறுக்குப் படங்களுக்கு என்று ஒரு மூலைத் தட்டு இருக்குமே, புத்தகத்தில் அதுதான் நாங்கள் என்றார்கள். 2006-ல் பத்துப் பேர் எழுதியதை ஒன்றாகத் தொகுத்து அறிமுகப் புத்தகம் போட்டார்கள். 2008-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து பக்கம் வருடா வருடம் கூட ஆரம்பித்தார்கள்.

எனக்கு ஏன் பிடிக்கிறது? முதல் பக்கத்தில் நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் நேர்மை. உள்ளே இருப்பவர்களுக்கு அது விசித்திரமே இல்லை, அவர்கள் வாடகையையும் பசியையும் பற்றித்தான் கவலைப்படுவார்கள். இந்த வகையில் எழுதும் கார்ல்டன் மெல்லிக்கின் 'குவிக்சாண்ட் ஹவுஸ்' நாவல் 2013-ல் வந்தது. ஒரே வீட்டில் இருந்தும் அப்பா அம்மாவை ஒரு தடவைகூடப் பார்க்காத அக்காவும் தம்பியும். குழந்தைகள் அறையை விட்டு வெளியே வந்ததே இல்லை. என் அப்பா தோல் கம்பெனியில் டபுள் ஷிஃப்ட். நாங்கள் தூங்கினபிறகு வருவார், எழுவதற்குள் போயிருப்பார். கதவுக்குப் பின்னால் தொங்கும் சட்டையின் வாசனைதான் அப்பா. அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இதைப் பரணியோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனால் எப்படி?

ஆற்காட்டார் | ஞாயிறு இரவு 10.15

தம்பி, அந்தப் பெரியவர் நான்தான். பெயர் சொல்லத் தயங்க வேண்டாம். முப்பத்துநான்கு வருடம் தமிழ் கற்பித்தவன்.

கைதட்டல் எனக்கு இல்லை, பரணி பாடிய ஜெயங்கொண்டாருக்கு. போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் அடும் பகுதியை ஒரு முறையாவது முழுதாகப் படித்திருக்கிறீர்களா? பிணங்களுக்கு நடுவே பல் விளக்குவது, நாக்கு வழிப்பது, பிறகு அடுப்பு மூட்டுவது என்று ஒரு குடும்பத்தின் காலைப் பொழுதே அங்கே நடக்கிறது. பேய்களுக்கு அது விசித்திரமே இல்லை. நீங்கள் சொன்ன இலக்கணம்தானே இது?

கேள்வி ஒன்றுதான். பேய் ஆனைக் கொம்பால் பல் விளக்கியதா, இல்லையா? ஆம் என்றால் ஆம் என்று எழுதுங்கள்.

நைட் டூட்டி | திங்கள் அதிகாலை 3.05

நான் நர்ஸ். வார்டு இப்பதான் அடங்குச்சு. மணல் தம்பி சொல்றது எனக்குப் புரியுது. மூணு மணிக்குப் படிக்கறதுக்கு இந்தக் கதைகள்தான் லாயக்கு. நூறு பக்கம்தான், ரெண்டு ராத்திரியில முடிஞ்சிரும். உடம்புல நடக்கறதை ஒளிக்காம எழுதறாங்க. நாங்க தினம் பார்க்கறதுல பாதியை வீட்ல போய்ச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இந்தக் கதைகள்ல மட்டும்தான் அதுக்கு இடம் இருக்கு.

ஐயா, பேச விடாம எழுந்தீங்கன்னு அவர் சொல்றாரு. அதுக்கு நீங்க பதிலே சொல்லல.

காட்பாடி ஜங்ஷன் | திங்கள் காலை 7.50

வேலூர்க்காரனுக்கு இதெல்லாம் எதுக்கு? நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். ஊரே பிசாரோதான். அப்புறம், பேய் பல் விளக்கினது விலா எலும்பால. ஆனைக் கொம்பு இல்ல. காலேஜ்ல படிச்சது நல்லா ஞாபகம் இருக்கு.

ஆற்காட்டார் | திங்கள் காலை 8.02

தவறு. பல்லுக்குக் கொம்பு. நாக்குக்குத்தான் களிற்றின் விலா எலும்பு. இரண்டையும் குழப்புகிறவர்கள் இந்த விவாதத்தில் இறங்கக் கூடாது.

நர்ஸ் அம்மாவுக்கு: அவர் பேசி முடித்தபிறகுதான் எழுந்தேன். பத்து நிமிடம் என்றார், பதினேழு நிமிடம் ஆனது. நான் கடிகாரம் பார்த்தேன்.

மணல் தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. விளக்கியதா, இல்லையா?

சத்துவாச்சாரி வாசி | திங்கள் காலை 9.30

காட்பாடிக்காரருக்கு. சாமியில்லாக் கோயில் என்று இன்னும் எத்தனை வருஷம் சொல்லுவீங்க? 1981 மார்ச்சிலேயே ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் வந்தாச்சு. அதுவரைக்கும் எங்க சத்துவாச்சாரியில்தான் இருந்தார். நாற்பது வருஷம் தாண்டியும் பழைய வசனத்தையே ஒப்பிக்கிறது சொந்த ஊருக்குச் செய்கிற அவமானம். நீரில்லா ஆறும் அப்படித்தான். 2021 நவம்பர்ல பாலாறு ரெண்டு கரையும் தொட்டு ஓடினப்போ பாலத்துல நின்னு வீடியோ எடுத்தவங்கள்ல நீங்களும் ஒருத்தர்.

காட்பாடி ஜங்ஷன் | திங்கள் காலை 9.41

சொலவடைன்னா சொலவடை. அதுக்குப் போய் தேதி கேக்கறவரு கதை படிச்சு என்ன ஆகப் போகுது?

கெங்கம்மா பிள்ளை, குடியாத்தம் | திங்கள் மதியம் 1.20

இன்னா சார், ரெண்டு பேரும் நூத்துக்கணக்குல வருஷத்தச் சொல்லிகினு கீறீங்க. எங்க ஊருக்கு வைகாசி 1 அன்னிக்கு வாங்க. கெங்கையம்மன் சிரசு வரும். வெட்டுப்பட்ட தலை மட்டும் ஊர்வலமா வரும், ஜனம் கடல் மாதிரி நிக்கும். அந்தத் தலைய வேற ஒரு பொம்பள உடம்பு மேல வெப்பாங்க. தலை ஒருத்தி, உடம்பு ஒருத்தி, ரெண்டும் சேந்து ஒரு சாமி. சின்ன வயசுல எங்கப்பா தோள்ல உக்காந்துகினு பாத்தேன். பயமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. இதுல விசித்திரம்னு ஒருத்தர்கூட சொல்லல, மாலைதான் போட்டாங்க.

தறியில உக்காந்துகினே மெல்லிக் கதை ஒண்ணு போன்ல படிச்சேன். அதே பயம், அதே அழுகை. அதனாலதான் எனக்குப் புடிக்குது. யாரு முன்னாடி எழுதினாங்கன்றது எனக்கு வேணாம்.

ஆற்காட்டார் | திங்கள் மதியம் 1.48

தம்பி, அம்மன் சிரசைக் கதைப் புத்தகத்தோடு சேர்க்காதீர்கள். இவர்கள் புத்தகங்களின் தலைப்புகளை எங்கள் வீட்டுக் கூடத்தில் வாய்விட்டுப் படிக்க முடியாது. சாத்தானையும் பர்கரையும் சேர்த்து ஒரு தலைப்பு, அதற்கு மேல் உள்ளவற்றை நான் எழுத மாட்டேன். ரேணுகையின் தலையும் அதுவும் ஒன்றா?

கெங்கம்மா பிள்ளை, குடியாத்தம் | திங்கள் மதியம் 2.05

ஐயா, பொணத்து நடுவுல கூழு காச்சறது உங்க கூடத்துல படிக்கலாம், இது படிக்கக் கூடாதா? அம்மனப் பத்தி எனக்கு நீங்க சொல்லித் தராதீங்க. கூழு ஊத்தி வளந்தவன் நானு.

பாலாற்று மணல் | திங்கள் இரவு 10.30

கம்பெனியில் ஆடிட். இப்போதுதான் வந்தேன்.

ஐயா, நீங்கள் சொன்ன தலைப்பு 'சேட்டன் பர்கர்', 2001-ல் வந்தது. அட்டையைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அதில் உலகமே எதிலும் ஆசை இழந்து உட்கார்ந்திருக்கிறது. நம் தெருவில் பையன்கள் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவனுக்கு அது தெரியும்.

பரணிக்கு ஓர் இலக்கணம் உண்டு. போரில் ஆயிரம் ஆனைகளை வென்றவனுக்குப் பாடுவது பரணி. முதல் குலோத்துங்கன் பெயருக்காக, கருணாகரத் தொண்டைமான் வென்ற போருக்காகப் பாடியது. பேய்கள் அங்கே அரசன் புகழுக்கு வேலை செய்கின்றன. பிசாரோவில் எந்த அரசனும் இல்லை, சபையும் இல்லை. நூறு பிரதி விற்றாலே சந்தோஷப்படுகிறவன் எழுதுகிறான். வித்தியாசம் அங்கேதான்.

கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'விளக்கிக் கொள்ளீரே' என்றிருக்கிறது. ஏவல். விளக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். பேய் விளக்கியது என்று அந்தப் பாட்டில் இல்லை.

ஆற்காட்டார் | திங்கள் இரவு 10.44

முப்பத்துநான்கு வருடத்தில் இப்படி ஒரு விடைத்தாளை நான் திருத்தியதில்லை.

ஏவினால் செய்யாமலா இருக்கும்? அதே பேய்கள் பிறகு கூழ் குடிக்கின்றன, குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. பல் விளக்காமலே குடித்தனவா? ஏவலைச் சொன்னாலே செயல் நடந்ததாகக் கொள்வதுதான் கவிதை. 'விளக்கின' என்று தனியாக ஒரு தாழிசை வேண்டுமா?

இன்னொன்று. பெயர் 2005, புத்தகம் 2001 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெயருக்கு முன்பே நூல் பிறக்கலாம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. நாலு வருடம் முன்னால் பிறக்கலாம் என்றால் தொள்ளாயிரம் வருடம் முன்னால் ஏன் பிறக்கக் கூடாது?

ஆற்காட்டார் | திங்கள் இரவு 10.52

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திரசாலப் பகுதி. இமயத்திலிருந்து வந்த முதுபேய் ஒன்று ரத்தமும் நிணமும் தெரிவதுபோல மாயம் காட்டுகிறது. பசித்த பேய்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இல்லாத ரத்தத்தை வெறுங்கையால் முகக்கின்றன. பசியை இதைவிட எவனும் எழுதவில்லை. அரசன் புகழுக்காக வேலை செய்கிற பேய் வெறுங்கையால் முகக்குமா?

ஜெயங்கொண்ட சோழமண்டலம் என்பது நம் தொண்டைமண்டலத்துக்கே சோழர் காலத்தில் இருந்த பெயர். நம் வடாற்காட்டுப் பிள்ளைகள் இதைத் தெரியாமல் போர்ட்லாந்துக்குப் பார்சல் கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் எழுந்தேன்.

நைட் டூட்டி | செவ்வாய் அதிகாலை 2.40

ஏவினா செய்யாமலா இருக்கும்னு கேக்கறீங்க. டாக்டர் எழுதித் தர்றதையெல்லாம் பேஷன்ட் செய்றாங்களா ஐயா? மாத்திரையைத் தலையணைக்கு அடியில வெச்சிருக்காங்க. நான் தினம் பொறுக்கறேன். மணல் தம்பி சொல்றதுதான் சரி. விளக்கினதா அதுல இல்ல.

அந்த முதுபேய் பகுதியை யாராவது இங்க போடுங்க. அதை நான் படிச்சதில்ல.

ஆற்காட்டார் | செவ்வாய் காலை 5.55

மாத்திரையும் பரணியும் ஒன்றா அம்மா? பேய்கள் நோயாளிகள் இல்லை.

போடுகிறேன். ஆனால் முதலில் மணல் தம்பி ஒப்புக்கொள்ள வேண்டும்.

சத்துவாச்சாரி வாசி | செவ்வாய் காலை 8.10

1981-க்குக் காட்பாடிக்காரரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

காட்பாடி ஜங்ஷன் | செவ்வாய் காலை 8.25

வராது.

மணலு, நீ நூறு பிரதி, ஏழை எழுத்தாளன்னு உருகற. சந்திப்புக்கு வர்ற பசங்களுக்குப் புத்தகம் இரவல் குடுத்துட்டு, பின்னாடியே கணக்கு நோட்டு தூக்கிக்கிட்டு வர்றவன் நீதானே?

பாலாற்று மணல் | செவ்வாய் காலை 8.31

நீ சொல்லாதே. 2006 தொகுப்பை என்னிடம் வாங்கிப் போனவன் நீ. கொரோனாவுக்கு முன்னாடி. மூன்று மாதச் சேமிப்பில் வரவழைத்தது. இங்கே யாரிடமும் இன்னொரு பிரதி இல்லை. சந்திப்பில் அதைக் கையில் பிடித்துக் காட்டியிருந்தால் பாதிப் பேர் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

ஐயா, நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. பரணி பெரிய நூல், எனக்கும் பிடிக்கும். ஆனால் வெறுங்கையால் முகந்த பேய்க்கு ஒரு பெயர் உண்டா? அதற்கு அப்பா உண்டா? ஷிஃப்ட் உண்டா? ஒரு பேயின் தனி வாழ்க்கையை எனக்குக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

ஆற்காட்டார் | செவ்வாய் காலை 8.50

கேள்வியை மாற்றுகிறீர்கள். பெயர் கேட்டேனா? அப்பா கேட்டேனா? பல் விளக்கியதா இல்லையா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், இன்று செவ்வாய். அடுத்த சந்திப்புக்கு உரைநூலோடு வருகிறேன். கொம்பு, எலும்பு, கூழ் மூன்றையும் வரிவரியாகப் படிப்பேன். எனக்கும் பதினேழு நிமிடம் வேண்டும்.

கெங்கம்மா பிள்ளை, குடியாத்தம் | செவ்வாய் காலை 9.15

பதினேழு நிமிசம்னா நானும் வரேன். சிரசு பத்தி எனக்கும் பேசணும். அம்மனக் கதையோட சேக்காதன்னு சொன்னத ஐயா இன்னும் வாபஸ் வாங்கல.

காட்பாடி ஜங்ஷன் | செவ்வாய் காலை 9.20

மணலு, அந்தத் தொகுப்பு அட்டை நீ குடுக்கும்போதே கிழிஞ்சிருந்துச்சு. முதல்ல அதை ஒத்துக்கோ.